காது மெஷின் விசில் அடித்தால்: மாட்டியது தவறா, அளவு தவறா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். 74 வயது அப்பாவுக்கு இரண்டு காதுக்கும் மெல்லிய வயர் வைத்த புது மெஷின் வாங்கியிருக்கிறீர்கள். அம்மாவிடம் மோல்டு (காதின் அச்சை எடுத்து வார்த்த அடைப்பு) போட்ட பழைய மெஷின் ஒரு காதுக்கு ஏற்கெனவே இருக்கிறது. வாங்கிய இடத்தில் மாட்டிவிட்டபோது சரியாக இருந்தது. வீட்டில் மாட்டினால் அப்பாவுக்கு நழுவி வெளியே வருகிறது, அம்மாவுக்கு விசில் அடிக்கிறது, காதின் மேல்பக்கம் வலிக்கிறது. ஒரு வீடியோவில் முதலில் காதுக்குப் பின்னால் தொங்கவிடு என்கிறார்கள், இன்னொன்றில் முதலில் காதுக்குள் வை என்கிறார்கள், எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் சரி. வயர் மெஷினுக்கு முதலாவது, மோல்டு மெஷினுக்கு இரண்டாவது. ஆனால் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது அதற்கும் மேலே ஒன்று என்று நினைக்கிறேன்: கோளாறு இவர்கள் மாட்டும் விதத்திலா, மெஷினின் அளவிலா? இதைப் பிரித்துப் பார்க்காமல் விட்டால், பொருந்தாத மோல்டை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பழகச் சொல்வோம்; அல்லது நன்றாகப் பொருந்துகிற மெஷினைக் குறை சொல்லி மேஜை டிராயரில் போட்டுவிடுவோம். இரண்டுமே அடிக்கடி நடக்கிறது. காதை நேரில் பார்க்காமல் எழுதும் பதில் இது. அதனால் வீட்டிலேயே உறுதியாகச் சொல்லக்கூடியது எதுவரை, அதற்குப் பிறகு யார் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

காதுத் துளை நேரான குழாய் அல்ல. பெரியவர்களுக்கு அது ஏறக்குறைய 2.5 செ.மீ நீளம், போகிற வழியில் வளைந்து திரும்பும். வெளிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு. முடியும் குறும்பியும் உண்டாவது அங்கேதான். உள்ளே இருக்கும் மீதிப் பகுதி எலும்பு. அதன்மேல் மிக மெல்லிய தோல், தொட்டாலே வலிக்கும். காது மடலை மேலேயும் பின்னாலேயும் இழுத்தால் குருத்தெலும்புப் பகுதி நிமிர்ந்து வளைவு குறையும். எந்த வகை மெஷினாக இருந்தாலும் மாட்டும்போது மற்றொரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் மடலைப் பிடித்து இழுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். (மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் மடலைக் கீழேயும் பின்னாலேயும் இழுக்க வேண்டும்.) வாயைத் திறந்தால் தாடை மூட்டு முன்னால் நகர்ந்து குழல் கொஞ்சம் அகலும், கடைசித் தள்ளலின்போது வாயைத் திறந்து மூடச் சொன்னால் பலருக்குச் சட்டென்று உட்கார்ந்துவிடும். சிலருக்குக் காதுக்குள் எது பட்டாலும் இருமல் வரும். அங்கே வேகஸ் நரம்பின் கிளை ஒன்று ஓடுவதுதான் காரணம், பயப்பட ஒன்றுமில்லை.

மாட்டுவதற்கு முன்னால் வலது இடது பாருங்கள். எல்லாக் கம்பெனிகளிலும் சிவப்பு என்றால் வலது, நீலம் என்றால் இடது. இந்த நிறம் வயர் மெஷினில் பெரும்பாலும் வயரிலோ, அதன் முனையில் இருக்கும், ஒலி தரும் ரிசீவரிலோ, பேட்டரிக் கதவின் உள்பக்கமோ இருக்கும். காதுக்குள் வைக்கும் மெஷினில் ஓட்டின் நிறமாகவோ அதில் அச்சிட்ட எண்களின் நிறமாகவோ இருக்கும். மோல்டு தவறான காதுக்குள் போகவே போகாது, அதனால் அதில் குழப்பம் குறைவு. வயர் மெஷின்தான் ஏமாற்றும். காதுக்குள் போகும் ரப்பர் முனையான டோம் இரண்டும் ஒரே வட்ட வடிவம் என்பதால் இடதை வலதில் மாட்டினாலும் கிட்டத்தட்ட உட்கார்ந்துவிடும். ஆனால் உள்ளே இருக்கும் ஒலி அமைப்பு அந்தந்தக் காதின் கேட்கும் அளவுக்கு ஏற்ப வைத்தது. “ஒரு பக்கம் அதிகமாக இரைகிறது, இன்னொரு பக்கம் ஒன்றுமே கேட்கவில்லை” என்று அப்பா சொன்னால் முதலில் நிறத்தைப் பாருங்கள். நிறப் புள்ளி கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிதாக இருந்தால் வலது மெஷினின் உடம்பில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பெரிய பொட்டு வைத்துவிடலாம். மைக் துளைகளிலும் கதவின் இடுக்கிலும் படாமல் வையுங்கள்.

இனி அப்பாவின் மெஷின். கடைக்காரர்கள் இதை ஆர்.ஐ.சி என்பார்கள்: உடம்பு காதுக்குப் பின்னால், ஒலி தரும் ரிசீவர் மெல்லிய வயரின் முனையில், அதன்மேல் குடை மாதிரியான ரப்பர் டோம். கை கழுவி ஈரம் போகத் துடைத்திருக்க வேண்டும். குளித்த காது முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். டோமை இரண்டு விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள், கழன்று வரக் கூடாது. பிறகு மெஷினின் உடம்பைக் காது மடலுக்கும் தலைக்கும் நடுவே மேலிருந்து தொங்கவிடுங்கள். இதை முதலில் செய்யச் சொல்வது, வயர் தானாகவே காதுத் துளைக்கு நேராக வந்து நிற்கும் என்பதால். வலது காது என்றால் வலது கையின் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் வயர் மடங்கித் திரும்பும் இடத்தைப் பிடியுங்கள். டோமையே பிடித்தால் விரல் துளையை அடைத்துக்கொள்ளும், உள்ளே தள்ள முடியாது. இடது கையால் மடலை மேலே பின்னால் இழுத்துக்கொண்டு, டோமைத் துளைக்குள் வைத்துத் தள்ளுங்கள். கடைசியில் ஆள்காட்டி விரல் நுனியால் அந்த மடங்கிய இடத்தின் மேல் ஒரு அழுத்து.

எவ்வளவு தள்ளுவது என்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள், அதுவும் ஒரே திசையில்: குறைவாகத் தள்ளுகிறார்கள். செவிப்பறையில் இடித்துவிடும் என்ற பயம். சரியான நீளத்தில் வயர் இருந்தால் டோம் செவிப்பறைவரை போக முடியாது. வயரின் மடக்கு காதின் வாசலில் நின்றுவிடும். போதுமா என்று தெரிந்துகொள்ள வயரைப் பாருங்கள். நேர் எதிரே நின்று அப்பாவின் முகத்தைப் பார்த்தால் வயர் தலையோடு ஒட்டிப் படிந்திருக்க வேண்டும். காது வாசலில் அது ஒரு வளையமாக வெளியே துருத்திக்கொண்டு நின்றால் டோம் பாதி வழியில் நிற்கிறது. அந்த நிலையில்தான் பேசும்போதும் மெல்லும்போதும் நழுவி வரும், விசிலும் வரும். நீங்கள் சொல்லும் அறிகுறியை வைத்துப் பார்த்தால் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

வயரின் முனையிலிருந்து மீன் முள் கனத்தில் ஒரு குட்டி வால் நீட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். எல்லா மெஷினிலும் இருக்காது. இருந்தால் அதைக் காதுக் கிண்ணத்தின் (துளைக்கு வெளியே இருக்கும் குழிவு) அடிப்பள்ளத்தில் பின்பக்கமாக வளைத்துச் செருக வேண்டும். டோமை வெளியே வரவிடாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. எதற்கென்று தெரியாமல் பலர் அதை வெளியே ஆட விட்டிருப்பார்கள், சிலர் வெட்டியே எறிந்திருப்பார்கள்.

நன்றாகத் தள்ளியும் நழுவுகிறது என்றால் அது அளவுக் குறை. டோம்கள் பொதுவாக 5 மி.மீ முதல் 12 மி.மீ வரை பல அளவில் வரும். துளை போட்டது, மூடியது, இரட்டை அடுக்கு என்று வகையும் உண்டு. சிறிய டோம் உள்ளே சுலபமாகப் போய் அதே சுலபத்தில் வெளியே வரும். பெரிய டோம் போகும்போதே மடங்கும், வலிக்கும், தானே பின்னால் தள்ளிக்கொண்டு வரும். வயருக்கும் அளவு உண்டு. நீளம் அதிகமானால் எவ்வளவு தள்ளினாலும் வயர் வளைந்து வெளியே நிற்கும். நீளம் குறைந்தால் மெஷினின் உடம்பு காதின் உச்சியில் முன்னால் ஏறி உட்கார்ந்து, டோமைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். இவை ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதித்து மெஷினைப் பொருத்தித் தரும் நிபுணர்) சில நிமிடத்தில் மாற்றித் தரக்கூடியவை. டோமை நீங்களே ஆன்லைனில் வாங்கிப் போட நினைத்தால் ஒரு எச்சரிக்கை: ஒரு கம்பெனியின் டோம் இன்னொரு கம்பெனியின் ரிசீவரில் சரியாகக் கவ்வாது, கவ்வாத டோம் கழற்றும்போது காதுக்குள்ளேயே தங்கிவிடும். வகையை மாற்றினால் ஒலி அமைப்பையும் மாற்ற வேண்டியிருக்கும். துளை போட்ட டோமுக்காக வைத்த அமைப்பில் மூடிய டோமைப் போட்டால் கனத்த குரல்கள் எல்லாம் முழங்கும்.

கழற்றும்போது மெஷினின் உடம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. வயரை, காது வாசலில் மடங்கும் இடத்தில் பிடித்து மெதுவாக வெளியே எடுங்கள். பிறகு உடம்பை எடுங்கள். எடுத்ததும் டோம் முனையில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பது நல்லது. இல்லை என்றால், விரலுக்கு எட்டுகிற மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மட்டும் எடுங்கள். எட்டவில்லை என்றால் ஹேர்பின், பட்ஸ், இடுக்கி எதையும் விடாதீர்கள். தண்ணீரோ எண்ணெயோ ஊற்றாதீர்கள். அன்றோ மறுநாளோ இ.என்.டி மருத்துவரிடம் போனால் கருவியால் நொடியில் எடுத்துவிடுவார். உயிர் போகிற அவசரம் இல்லை. நாமே நோண்டினால்தான் உள்ளே போய் மாட்டும்.

அம்மாவின் மோல்டு வேறு கணக்கு. அவருடைய காதின் அச்சை எடுத்து வார்த்தது அது. ஒரே ஒரு கோணத்தில்தான் உட்காரும். மூன்று பகுதிகளாகப் பாருங்கள்: துளைக்குள் போகும் மூக்கு, காதுக் கிண்ணத்தை நிரப்பும் வயிறு, மேல்பக்கம் கொம்பு மாதிரி நீளும் முனை. மோல்டை மெஷினோடு இணைக்கும் டியூப் வெளிப்பக்கம், பின்னால் பார்த்து இருக்கட்டும். வயிற்றைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, கொம்பு முகத்தின் பக்கம் சாய்ந்திருக்கும்படி மோல்டைச் சற்றே முன்னால் திருப்பிக்கொள்ளுங்கள். மூக்கைத் துளைக்குள் விடுங்கள். மடலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பூட்டில் சாவியைத் திருப்புவது போல மோல்டைப் பின்னால் திருப்பினால் வயிறு கிண்ணத்தில் போய் உட்காரும். இப்போது கொம்பைக் காதின் மேல் மடிப்புக்குள் விரல் நுனியால் செருகுங்கள். மோல்டு முழுக்க அமர்ந்த பிறகே மெஷினைக் காதுக்குப் பின்னால் தூக்கிப் போடுங்கள். முதலிலேயே தொங்கவிட்டால் கட்டையான டியூப் மோல்டை மேலே இழுக்கும், திருப்ப இடம் இருக்காது.

அந்தக் கொம்புதான் அம்மாவின் வலிக்குக் காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மூக்கு உள்ளே போய்விட்டது, வயிறும் அமர்ந்துவிட்டது என்று விட்டுவிடுவார்கள். கொம்பு மடிப்புக்குள் போகாமல் அதன் மேல் ஏறி நிற்கும். அரை மணி நேரத்தில் அந்த இடம் சிவந்து வலிக்க ஆரம்பிக்கும், மோல்டின் அடிப்பகுதியும் மெல்லத் தூக்கிக்கொள்ளும், அந்த இடைவெளி வழியாக விசில் வரும். வலியும் விசிலும் சேர்ந்து வருவது இதன் அடையாளம். மோல்டின் மேல் விளிம்பு நெடுக விரலை ஓட்டிப் பாருங்கள். காதின் மேல் மடிப்பு மோல்டைக் கொஞ்சம் மூடியிருக்க வேண்டும். கொம்பு வெளியே தட்டுப்பட்டால் உட்காரவில்லை. மூட்டுவலியாலோ, சர்க்கரை நோயில் விரல் மரத்துப்போனதாலோ அம்மாவால் இந்தக் கடைசி வேலையைச் செய்யவே முடியவில்லை என்றால், கொம்பை வெட்டித் தேய்த்துத் தரும்படி ஆடியாலஜிஸ்டிடம் கேட்கலாம். கேட்கும் குறை மிக அதிகமாக இல்லாதவர்களுக்குப் பல சமயம் கொம்பு இல்லாமலே மோல்டு நிற்கும். யாரும் தானாக முன்வந்து இதைச் சொல்வதில்லை, கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. வீட்டில் பிளேடாலோ உப்புத்தாளாலோ முயல வேண்டாம்.

மோல்டின் பொருளையும் கவனியுங்கள். கெட்டியான அக்ரிலிக் வழுக்கிக்கொண்டு போகும். மென்மையான சிலிக்கான் காய்ந்த தோலில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். தண்ணீரில் கரையும் வழுக்கு ஜெல்லைத் துளியளவு மூக்கின் பக்கங்களில் தடவலாம். ஒலி வரும் துளையிலும் காற்றுத் துளையிலும் (காதுக்குள் காற்றுப் போய்வர மோல்டில் விட்ட சிறு வழி) படக் கூடாது. தேங்காய் எண்ணெயும் வாசலினும் வேண்டாம், அவை துளைகளில் தங்கி தூசியையும் குறும்பியையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

விசிலுக்கான மற்றொரு காரணம் டியூப். நாளாக ஆக அது மஞ்சளாகி விறைத்துச் சுருங்கும். மெஷினின் மேல்முனையில் காதின் மேல் வளைந்து நிற்கும் கொக்கியோடு சேரும் இடத்தில் மெல்லிய விரிசல் விடும். மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவது வழக்கம். சுருங்கிய டியூப் மோல்டை மேலே இழுக்கும்; நீளமாக வெட்டிவிட்டால் மெஷின் காதுக்குப் பின்னால் நிற்காமல் ஆடும்; தொங்கவிடும்போது முறுக்கிக்கொண்டால் ஒலியே வராது. நம் ஊர் வெப்பத்தில் வியர்வை ஆவி டியூபுக்குள் துளியாகத் தேங்கி ஒலியை அடைப்பதும் சாதாரணம். மோல்டை மெஷினிலிருந்து பிரித்து, சிறிய ரப்பர் ஊதுகுழலால் ஊதி எடுங்கள். வாயால் ஊதினால் இன்னும் ஈரம்தான் சேரும். மோல்டை வெதுவெதுப்பான தண்ணீரிலும் மென்மையான சோப்பிலும் கழுவலாம், மெஷினைக் கழுவக் கூடாது. கழுவப் பிரிப்பதற்கு முன்னால் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பச் சேர்க்கும்போது மோல்டு எதிர்ப்பக்கம் பார்த்து மாட்டிக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அதன் பிறகு டியூபை முறுக்காமல் மெஷினைக் காதுக்குப் பின்னால் போடவே முடியாது, வீட்டில் எல்லோரும் மெஷின் கெட்டுவிட்டது என்பார்கள்.

முழுவதும் காதுக்குள்ளேயே அடங்கும் வகை உங்கள் வீட்டில் இல்லை என்றாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக இரண்டு வரி. சி.ஐ.சி, ஐ.டி.சி என்று சொல்லப்படும் இவற்றில் பேட்டரிக் கதவு வெளியே பார்க்க வேண்டும். எடுப்பதற்கான நைலான் இழை இருந்தால் பெரும்பாலும் அது கீழ்ப்பக்கம் வரும். மடலை இழுத்துக்கொண்டு உள்ளே விட்டு, மேலும் கீழும் லேசாக அசைத்தபடி விரல் நுனியால் தள்ள வேண்டும். எடுக்க அந்த இழையைப் பிடித்து இழுக்க வேண்டும். இழை இல்லை என்றால் வாயைத் திறந்து மூடி, காதுச் சோணைக்குப் பின்னால் மேல்நோக்கி அழுத்தினால் மெஷின் தளர்ந்து வெளியே தலைகாட்டும். பேட்டரிக் கதவைப் பிடித்து இழுத்து உடைப்பதுதான் இந்த வகையில் அதிகம் நடக்கும் சேதம். சட்டைப்பையில் வைக்கும் பழைய மாடலுக்கு மோல்டு மாட்டும் முறை மேலே சொன்னதேதான். மைக் துணிக்குள் புதையாமல் வெளியே பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி விசில். மெஷின் பெரிதாக்கிய ஒலி காதிலிருந்து கசிந்து மறுபடியும் மைக்குக்குள் போய், அது மறுபடி பெரிதாகி, இப்படிச் சுற்றிக்கொண்டே இருப்பதுதான் விசில். எனவே ஓடிக்கொண்டிருக்கும் மெஷினைக் கையில் மூடினாலோ, மாட்டிக்கொண்டிருக்கும்போதோ விசில் வந்தால் அது இயல்பு. மெஷின் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். உட்கார்ந்த இரண்டு மூன்று வினாடியில் நின்றுவிட வேண்டும். காதருகே கை போகும்போதும், தலையணையில் சாயும்போதும், யாராவது கட்டியணைக்கும்போதும் கொஞ்சம் வரலாம். நிற்காமல் வந்தால் இப்படிப் பிரித்துப் பாருங்கள். மாட்டிய நிலையில் மோல்டை விரலால் மெதுவாக உள்பக்கம் அழுத்துங்கள். விசில் நின்றால், ஒன்று மோல்டு சரியாக அமரவில்லை, அல்லது தளர்ந்துவிட்டது. கழற்றித் திரும்பக் கவனமாக மாட்டுங்கள். அதன் பிறகும் அழுத்தினால் மட்டுமே நிற்கிறது என்றால் தளர்வுதான். மெல்லும்போதும் பேசும்போதும் மட்டும் வருவதும் தளர்வின் அறிகுறி. அழுத்தியும் நிற்கவில்லை என்றால் மெஷினைக் கழற்றி, ஓடவிட்டபடியே, மோல்டில் ஒலி வரும் துளையையும் காற்றுத் துளையையும் விரலால் இறுக்கமாக அடையுங்கள். அப்போதும் விசில் வந்தால் கசிவு டியூபிலோ கொக்கியிலோ மெஷினுக்குள்ளோ இருக்கிறது. அடைத்ததும் நின்று, காதில் வைத்தால் மட்டும் வருகிறது, அழுத்தினாலும் நிற்கவில்லை என்றால் காதுக்குள் குறும்பி அடைத்திருக்கலாம்; ஒலி அதில் மோதித் திரும்பி வரும். குறும்பியை இ.என்.டி மருத்துவர் எடுக்கட்டும். பட்ஸ் அதை இன்னும் உள்ளேதான் தள்ளும்.

பேட்டரியால் மாட்டும் சோதனையே குழம்பிவிடக் கூடாது. ஜிங்க்-ஏர் பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் ஒரு நிமிடமாவது வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள். அது காற்றை இழுத்துத்தான் வேலை செய்யத் தொடங்கும். துளையுள்ள தட்டைப் பக்கம்தான் பிளஸ். கதவு மூட மறுத்தால் பேட்டரி தலைகீழாக இருக்கிறது. அழுத்தி மூடினால் கதவு போய்விடும். நிறத்தை வைத்து வாங்குவது சுலபம்: மஞ்சள் 10, பழுப்பு 312, ஆரஞ்சு 13, நீலம் 675. இந்த நீலத்துக்கும் இடது காதுக்கும் சம்பந்தம் இல்லை; வயதானவர்கள் இதில் குழம்புவது உண்டு.

வலியைப் பொறுத்தவரை, கழற்றியதும் காதைப் பாருங்கள். லேசான சிவப்பு சில நிமிடத்தில் மறைந்தால் பொதுவாகப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஒரே இடத்தில் தினமும் சிவந்து, மணிக்கணக்கில் மறையாமல் இருந்தாலோ, தோல் உரிந்தாலோ, சரியாக மாட்டியிருக்கிறது என்று உறுதி செய்த பின்பும் வலித்தாலோ, மோல்டை அந்த இடத்தில் தேய்த்துக் கொடுக்க வேண்டும். புண் இருக்கும்போது “பழகிவிடும்” என்று மாட்டச் சொல்லாதீர்கள். சிவந்த இடத்தை அன்றே செல்போனில் படம் எடுத்து வைத்தால், எந்த இடத்தைத் தேய்ப்பது என்பதை ஆடியாலஜிஸ்ட் சுலபமாகக் கண்டுபிடிப்பார்.

இவ்வளவும் உறுதியாகச் சொல்லக்கூடியவை. சில விஷயங்களில் ஒரே பதில் கிடையாது. மூக்குக்கண்ணாடி முதலிலா மெஷின் முதலிலா என்பதில் நிபுணர்களே இரண்டு விதமாகச் சொல்வார்கள். எது அப்பாவுக்கு இடறாமல் இருக்கிறதோ அது சரி. ஆனால் கழற்றும்போது கண்ணாடியை இரண்டு கையாலும் நேராக முன்னால் எடுப்பது மெஷின் கூடவே தெறித்து விழாமல் காப்பாற்றும். முகக்கவசத்தின் காது வளையத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். முதல் நாளிலிருந்தே நாள் முழுக்கப் போடுவதா, சில மணி நேரத்தில் தொடங்கி ஏற்றுவதா என்பது அவரவர் பொறுமையைப் பொறுத்தது. “என் குரலே எனக்கு முழங்குகிறது” என்ற புகாரை வைத்து மட்டும் மாட்டியது சரியா தவறா என்று சொல்ல முடியாது. காது அடைபட்டால் யாருக்கும் சொந்தக் குரல் முழங்கும், அதற்கு டோமையோ காற்றுத் துளையையோ ஒலி அமைப்பையோ மாற்ற வேண்டியிருக்கலாம்.

பழக்கும்போது ஒன்று செய்யுங்கள்: மாட்டுவதற்கு முன்னால் கழற்றக் கற்றுக்கொடுங்கள். தானாகக் கழற்ற முடியும் என்று தெரிந்த பிறகுதான் வயதானவர்கள் தைரியமாக உள்ளே தள்ளுவார்கள். மெஷினை அணைத்துவிட்டு, மேஜையில் ஒரு துண்டை விரித்து, அவசரமில்லாத மாலை வேளையில் உட்கார வையுங்கள். காலையில் கோவிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் வேண்டாம். கண்ணாடி முன் நின்று செய்தால் திசை மாறித் தெரிந்து கை குழம்புகிறது என்று பலர் சொல்வார்கள். அவர்களுக்கு விரல் தொடுதலால் செய்து முடித்துவிட்டு, சரிபார்க்க மட்டும் கண்ணாடி. நீங்கள் மாட்டிவிடுவதானால் முன்னால் நிற்காமல் அந்தக் காதின் பக்கமாக நில்லுங்கள். தலைக்கு எண்ணெய் தேய்ப்பது, குளிப்பது, ஸ்பிரே அடிப்பது எல்லாம் மெஷினைக் கழற்றிய பிறகு. எம்.ஆர்.ஐ ஸ்கேன் அறைக்குள்ளும் மெஷினோடு போகக் கூடாது. காதுக்குள் எண்ணெய் விடும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். ரிசீவர் முனையில் இருக்கும் குறும்பித் தடுப்பு வலை அடைபட்டு ஒலி போய்விடும். இரவில் பேட்டரி மெஷின் என்றால் கதவைத் திறந்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

மெஷினை விட்டுவிட்டுக் காதைப் பார்க்க வேண்டிய நேரமும் உண்டு. சீழ், ரத்தம், காதுக்குள் ஆழமான வலி, தலைசுற்றல் இருந்தால் மெஷின் போடுவதை நிறுத்தி இ.என்.டி மருத்துவரிடம் போங்கள். ஒரு காதில் கேட்பது திடீரென்று, ஒரே நாளிலோ இரண்டு மூன்று நாளிலோ குறைந்துவிட்டால் அது அவசரம்; அன்றே போக வேண்டும். மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து அதைச் சரிசெய்யக் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு, சிகிச்சை பலிக்கும் நாட்கள் அதற்குள் போய்விடும்.

ஆடியாலஜிஸ்டிடம் போகும்போது மெஷினைப் பையில் போட்டுக் கொண்டுபோய் நீட்டாதீர்கள். வீட்டில் மாட்டுகிற மாதிரியே அப்பாவும் அம்மாவும் தாங்களாகவே மாட்டிக் காட்டட்டும். அவர் கை வைக்காமல் பார்க்கட்டும். மாட்டிய நிலையில் நேர் எதிரிலிருந்தும் பக்கவாட்டிலும் எடுத்த படங்கள், விசில் எப்போது வருகிறது, அழுத்தினால் நிற்கிறதா, அடைத்தால் நிற்கிறதா என்ற குறிப்பு, இவ்வளவு போதும். அம்மாவின் மோல்டு எந்த வருடம் எடுத்தது என்று தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். சில வருடம் ஆகியிருந்தாலோ, இடையில் அவர் நன்றாக இளைத்திருந்தாலோ, ஆடியாலஜிஸ்ட் முதலில் சந்தேகப்படுவது மோல்டைத்தான். புது அச்சு எடுத்து மோல்டை மட்டும் மாற்றினால் பழைய மெஷினே போதுமானதாக இருக்கலாம்.